ஸ்பார்க் கிளஸ்டர் சுருங்கும்போது கேஷ் என்ன ஆகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரிய டேட்டாவைப் பல மெஷின்களில் பிரித்துக் கணக்கிடும் அப்பாச்சி ஸ்பார்க்கில் டைனமிக் அலொகேஷனை ஆன் செய்து, வேலை இல்லாத நேரத்தில் எக்ஸிக்யூட்டர்கள் (கணக்கீட்டைச் செய்யும் ப்ராசஸ்கள்) தாமாகக் குறையட்டும் என்று விட்டவர்கள், கொஞ்ச நாளில் இரண்டு புகார்களில் ஒன்றோடு வருவார்கள். ஒன்று, "எக்ஸிக்யூட்டர் குறையவே மாட்டேன் என்கிறது". இல்லையென்றால், "குறைந்தது சரி, அடுத்த குவெரி ஏன் இப்படி இழுக்கிறது?" இரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: கேஷ் செய்த டேட்டா. அதைப் பற்றி அடிக்கடி வரும் கேள்விகளைக் கீழே தொகுத்திருக்கிறேன். சொல்லியிருக்கும் இயல்பு மதிப்புகள் 3.x பதிப்புகளுக்கானவை. செட்டிங் பெயர்களை வாயால் சொல்வதுபோலவே எழுதியிருக்கிறேன். முன்னொட்டு சொல்லாத இடத்தில் அது ஸ்பார்க்.டைனமிக்அலொகேஷன் குடும்பத்தைச் சேர்ந்தது.

எக்ஸிக்யூட்டர் போனால் அதில் கேஷ் ஆன டேட்டாவும் போய்விடுமா?

போய்விடும். ஸ்பார்க்கின் கேஷ் தனியாக ஒரு சர்வரில் இல்லை. ஒவ்வொரு எக்ஸிக்யூட்டரும் தன் மெமரியிலோ தன் லோக்கல் டிஸ்கிலோ சில பார்ட்டிஷன்களை, அதாவது டேட்டாவின் துண்டுகளை, வைத்திருக்கிறது. எது எங்கே இருக்கிறது என்ற கணக்கு மட்டும்தான், எல்லாவற்றையும் ஒருங்கிணைக்கும் டிரைவரிடம் இருக்கும். எக்ஸிக்யூட்டரை எடுத்தால் அதன் பங்கு காலி. மற்றவை வைத்திருக்கும் பார்ட்டிஷன்களுக்கு ஒன்றும் ஆகாது.

அப்படியானால் ஜாப் ஃபெயில் ஆகுமா?

வழக்கமாக ஆகாது. ஒவ்வொரு பார்ட்டிஷனும் எந்தெந்தப் படிகளில் உருவானது என்ற வரலாற்றை ஸ்பார்க் கையில் வைத்திருக்கிறது. லினியேஜ் என்பது அதன் பெயர். தொலைந்த பார்ட்டிஷன் அடுத்த முறை தேவைப்படும்போது, மூல ஃபைலிலிருந்து அந்தப் பங்கை மட்டும் மறுபடி கணக்கிட்டுக்கொள்ளும். அந்த டேட்டாஃப்ரேம் (ஸ்பார்க்கில் ஒரு டேபிள்) இன்னமும் "கேஷ் செய்ய வேண்டியது" என்று குறிக்கப்பட்டிருப்பதால், திரும்பக் கணக்கிட்டதை மறுபடி கேஷிலும் போட்டுக்கொள்ளும். நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

ஆனால் தொலைந்த உடனே இது நடப்பதில்லை, யாராவது கேட்கும்போதுதான் நடக்கும். அதனால் காலையில் முதலில் குவெரி ஓட்டுபவர் எல்லோருக்கும் சேர்த்துக் காத்திருப்பார்.

"ஃபெயில் ஆகாது" என்பதால் "பிரச்சினையே இல்லை" என்று ஆகிவிடாது. விடையே மாறிப்போகும் சில சந்தர்ப்பங்கள் உண்டு. அதைக் கீழே தனியாகப் பார்ப்போம்.

ராத்திரி முழுக்க ஒருவரும் ஒரு குவெரியும் ஓட்டவில்லை. இருந்தும் 20 எக்ஸிக்யூட்டரும் அப்படியே நிற்கின்றன. ஏன்?

சும்மா இருக்கும் எக்ஸிக்யூட்டரை எடுக்க ஸ்பார்க் இரண்டு கடிகாரங்கள் வைத்திருக்கிறது. கேஷ் இல்லாத எக்ஸிக்யூட்டருக்கு எக்ஸிக்யூட்டர் ஐடில் டைம்அவுட். அதன் இயல்பு மதிப்பு 60 விநாடி. கேஷ் உள்ள எக்ஸிக்யூட்டருக்கு கேஷ்டு எக்ஸிக்யூட்டர் ஐடில் டைம்அவுட். இதன் இயல்பு மதிப்பு இன்ஃபினிட்டி. அதாவது நீங்கள் மாற்றாதவரை, கேஷ் வைத்திருக்கும் எக்ஸிக்யூட்டரை ஸ்பார்க் தானாக எடுக்கவே எடுக்காது.

இதில் பலர் கவனிக்காத ஒன்று, அளவு கணக்கில் வருவதில்லை என்பது. 4 ஜிபி கேஷ் இருந்தாலும் ஒரு எம்பி பிளாக் ஒன்றே ஒன்று இருந்தாலும் அந்த எக்ஸிக்யூட்டர் "கேஷ் உள்ளது"தான். நோட்புக்கில் ஒருவர் சின்ன லுக்அப் டேபிளை 200 பார்ட்டிஷனாகப் பிரித்துக் கேஷ் செய்திருந்தால், அது எல்லா எக்ஸிக்யூட்டரிலும் கொஞ்சம் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் மொத்த கிளஸ்டரும் அந்தச் சின்ன டேபிளுக்குக் காவல்.

பிராட்காஸ்ட் வேரியபிள்கள் (எல்லா எக்ஸிக்யூட்டருக்கும் காப்பியாகப் போகும் டேட்டா) இந்தக் கணக்கில் சேராது. அவற்றை வைத்திருப்பதால் மட்டும் ஒரு எக்ஸிக்யூட்டர் தங்கிவிடாது. புதிதாக வரும் எக்ஸிக்யூட்டர் டிரைவரிடமிருந்தோ மற்ற எக்ஸிக்யூட்டரிடமிருந்தோ அதை வாங்கிக்கொள்ளும்.

இயல்பாக இன்ஃபினிட்டி வைத்தது சரியான முடிவா?

என் பார்வையில், தனியாக ஓடி முடியும் பேட்ச் ஜாபுக்குச் சரி. ஜாப் முடிந்தால் எல்லாம் முடிந்தது. நோட்புக், எஸ்க்யூஎல் குவெரிகளை வாங்கி ஓட்டும் த்ரிஃப்ட் சர்வர் மாதிரி நாள் கணக்கில் ஓடும் அப்ளிகேஷனுக்கு இது பணத்தைக் கரைக்கும் மதிப்பு. அங்கே கட்டாயம் ஒரு எண்ணைப் போட்டுவிடுங்கள்.

சரி, என்ன எண் போடுவது?

பெரும்பாலானவர்கள் 30 நிமிடம், 1 மணி நேரம் என்று வாய்க்கு வந்ததைப் போடுகிறார்கள். கணக்குப் போட்டே வைக்கலாம், கடினமில்லை.

உங்கள் கேஷை முதலில் உருவாக்க 20 எக்ஸிக்யூட்டர்கள் சேர்ந்து 6 நிமிடம் எடுத்துக்கொண்டன என்று வையுங்கள். செலவு 120 எக்ஸிக்யூட்டர் நிமிடம். இப்போது அதே 20 எக்ஸிக்யூட்டர்களைச் சும்மா நிறுத்திவைத்துக் கேஷைக் காப்பாற்றினால், 6 நிமிடத்தில் அதே 120 நிமிடச் செலவு வந்துவிடும். அதாவது சும்மா இருக்கும் இடைவெளி 6 நிமிடத்தைத் தாண்டினால், கலைத்துவிட்டுத் திரும்பக் கட்டுவதே மலிவு.

அடுத்த குவெரி எப்போது வரும் என்று தெரியாதபோது, டைம்அவுட்டைக் கட்டும் நேரத்துக்குச் சமமாகவே வைப்பது நல்ல முடிவு. மிக மோசமான நிலையைப் பாருங்கள்: 6 நிமிடம் காத்திருந்து எக்ஸிக்யூட்டர்களை விட்டீர்கள், அடுத்த விநாடியே குவெரி வந்தது. காத்ததற்கு 120, திரும்பக் கட்டியதற்கு 120. எதிர்காலம் தெரிந்த ஒருவர் 120-இல் முடித்திருப்பார். உங்களுக்கு அதைப்போல் இரண்டு மடங்கு, அதற்குமேல் போகாது. இன்ஃபினிட்டிக்கு அப்படி ஓர் உச்சவரம்பே கிடையாது.

இது மெஷின் செலவு மட்டும். முன்னால் ஓர் அனலிஸ்ட் உட்கார்ந்து காத்திருக்கிறார் என்றால் அவருடைய 6 நிமிடத்துக்கும் விலை உண்டு. அதற்காக இரண்டு, மூன்று மடங்கு கூட்டிக்கொள்ளலாம். 6 நிமிடத்தில் கட்டும் கேஷுக்கு 15 அல்லது 20 நிமிடம் நியாயமான எண். 8 மணி நேரம் அல்ல.

இன்னொன்று: ஒரு டாஸ்க் ஓடினாலே அந்த எக்ஸிக்யூட்டரின் கடிகாரம் மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். கேஷ் ஆன டேபிளை முழுக்க ஸ்கேன் செய்யும் ஒரு குவெரி, அதன் பார்ட்டிஷன்கள் இருக்கும் எல்லா எக்ஸிக்யூட்டரையும் தொடும். எனவே 10 நிமிடத்துக்கு ஒருமுறை டேஷ்போர்டு ரிஃப்ரெஷ் ஆகிக்கொண்டிருந்தால், 15 நிமிட டைம்அவுட் ஒருபோதும் முடியப்போவதில்லை. டேஷ்போர்டை யாராவது பார்க்கிறார்களா என்று முதலில் விசாரியுங்கள்.

வேலை முடிந்ததும், கேஷை விடுவிக்கும் அன்பெர்சிஸ்டைக் கூப்பிட்டால் போதாதா?

கூப்பிட்டால் அதைவிட நல்லது எதுவுமில்லை. பிளாக்குகள் போனதும் அந்த எக்ஸிக்யூட்டருக்கு 60 விநாடிக் கடிகாரம் பொருந்தும். ஆனால் யார் கூப்பிடுகிறார்கள்?

நோட்புக்கில் வழக்கமாக நடப்பது இது: டிஎஃப் என்ற டேட்டாஃப்ரேமைக் கேஷ் செய்கிறார்கள். அடுத்த செல்லில் அதையே ஃபில்டர் செய்து மறுபடி டிஎஃப் என்ற பெயரிலேயே வைக்கிறார்கள். அதை மறுபடி கேஷ் செய்கிறார்கள். பழைய டேட்டாஃப்ரேமைப் பிடிக்க இப்போது கையில் பெயர் இல்லை, கேஷ் மட்டும் அப்படியே இருக்கிறது. வெறும் ஆர்டிடி (டேட்டாஃப்ரேமுக்கு அடியில் இருக்கும் ஸ்பார்க்கின் அடிப்படை டேட்டாத் தொகுப்பு) என்றால், டிரைவரில் கார்பேஜ் கலெக்ஷன் நடக்கும்போது யாரும் பிடித்திராத ஆர்டிடியின் கேஷை ஸ்பார்க் தானாகத் துடைத்துவிடும். டேட்டாஃப்ரேம் கேஷுக்கு அந்தச் சலுகை இல்லை. அதைக் கேஷ் மேனேஜர் தன் பட்டியலில் பிடித்து வைத்திருக்கும்.

பெயர் தொலைந்துபோனால் கேட்டலாகில் உள்ள கிளியர் கேஷ் எல்லாவற்றையும் ஒரே அடியாகத் துடைத்துவிடும். ஆனால் அந்த அப்ளிகேஷனை மற்றவர்களோடு பகிர்ந்துகொண்டிருந்தால் அவர்களுடையதும் சேர்ந்து போகும். சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

20 எக்ஸிக்யூட்டரில் 80 ஜிபி கேஷ் இருக்கிறது. 10 ஆகக் குறைத்தால் மீதிப் பத்தில் அடங்குமா?

ஒவ்வொன்றுக்கும் 10 ஜிபி ஹீப் (ஜேவிஎம் மெமரி) என்று வைத்துக் கணக்குப் போடுவோம். 10,240 எம்பியில் 300 எம்பியை ஸ்பார்க் முதலில் ஒதுக்கிவிடும். மீதியில் 0.6 பங்கு, அதாவது சுமார் 5,964 எம்பி, கணக்கீட்டுக்கும் கேஷுக்கும் பொது. ஜாயின், சார்ட் போன்ற வேலைகளுக்கு இடம் தேவைப்பட்டால் கேஷைத் தள்ளிவிட்டு அவை உள்ளே வரும். ஆனால் அந்தப் பொது இடத்தின் பாதி வரை, அதாவது சுமார் 2,982 எம்பி வரை, கேஷுக்குப் பாதுகாப்பு உண்டு.

10 எக்ஸிக்யூட்டரில் மொத்தப் பொது இடமே சுமார் 58 ஜிபி. 80 ஜிபி அடங்க வழியே இல்லை. பாதுகாப்பான பங்கு என்று பார்த்தால் 29 ஜிபிதான். 15 எக்ஸிக்யூட்டரில் சுமார் 87 ஜிபி வரும், காகிதத்தில் அடங்கும். ஒரு பெரிய ஜாயின் ஓடியதும் வழிய ஆரம்பிக்கும்.

ஆகவே மின் எக்ஸிக்யூட்டர்ஸ் எண்ணைத் தேர்ந்தெடுக்கும்போது இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள். அதன் இயல்பு மதிப்பு பூஜ்ஜியம். தினமும் எல்லோரும் தொடும் ஒரு 25 ஜிபி டேபிள் இருந்தால், இந்த அளவு எக்ஸிக்யூட்டர்கள் 9 அல்லது 10 எப்போதும் இருக்கும்படி வைப்பதில் அர்த்தமுண்டு. ஆனால் மின் எண் எத்தனை எக்ஸிக்யூட்டர் மிஞ்ச வேண்டும் என்று மட்டுமே சொல்கிறது, எவை மிஞ்ச வேண்டும் என்று சொல்வதில்லை. உங்கள் டேபிள் இருக்கும் எக்ஸிக்யூட்டர்களே மிஞ்சும் என்று உத்தரவாதம் கிடையாது.

மெமரி அண்ட் டிஸ்க் லெவலில் கேஷ் செய்தால் டிஸ்கில் ஒரு காப்பி இருக்குமே?

இருக்காது. இது பரவலான தவறான எண்ணம். மெமரியில் அடங்காத பார்ட்டிஷன் மட்டும்தான் டிஸ்குக்குப் போகும். அடங்கியவை மெமரியில் மட்டுமே இருக்கும். டிஸ்கில் இருப்பதும் அந்த மெஷினின் லோக்கல் டிஸ்க்தான். கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸில், எக்ஸிக்யூட்டர் ஓடும் பாட் போனால் வழக்கமாக அதுவும் போகும்.

ஹடூப்பின் ரிசோர்ஸ் மேனேஜரான யார்னில் ஒரு நல்ல வழி இருக்கிறது. அங்கே, ஷஃபிள் டேட்டாவை (ஜாயின் போன்றவற்றுக்காக எக்ஸிக்யூட்டர்களுக்கிடையே மறுபடி பங்கிடப்படும் டேட்டா) பரிமாறும் எக்ஸ்டர்னல் ஷஃபிள் சர்வீஸ் ஒவ்வொரு நோட் மேனேஜருக்குள்ளும் தனியாக ஓடும், எக்ஸிக்யூட்டர் போனாலும் அது இருக்கும். 3.0-இல் வந்த ஸ்பார்க்.ஷஃபிள்.சர்வீஸ்.ஃபெட்ச்.ஆர்டிடி.எனேபிள்டு என்ற செட்டிங்கை ஆன் செய்தால், டிஸ்கில் கேஷ் ஆன பிளாக்குகளையும் அந்த சர்வீஸே பரிமாறும். டிஸ்க் பிளாக்குகளை மட்டும் வைத்திருக்கும் எக்ஸிக்யூட்டரை ஸ்பார்க் கேஷ் இல்லாததாகவே நடத்தும், 60 விநாடியில் எடுத்துவிடும், டேட்டாவும் இருக்கும். இது இயல்பாக ஆஃப். டிஸ்க் ஒன்லி லெவலில் கேஷ் செய்தால்தான் முழுப் பலன். ஒரே ஒரு பிளாக் மெமரியில் இருந்தாலும் பழைய கதைதான். இவ்வளவு உபயோகமான செட்டிங்கைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை என்பது எனக்கு ஆச்சரியம்.

இரண்டு ரெப்ளிகா வைத்தால்?

மெஷின் திடீரென்று விழுவதற்கு அது உதவும். சுருக்குவதற்குப் பெரிதாக உதவாது. எந்த எக்ஸிக்யூட்டரை எடுப்பது என்று முடிவு செய்யும்போது ஸ்பார்க் "இதன் இன்னொரு காப்பி வேறெங்காவது இருக்கிறதா" என்று பார்ப்பதில்லை. டைம்அவுட் ஆனதா என்று மட்டும் பார்க்கும். இரண்டு காப்பியும் சும்மா கிடந்தால் இரண்டும் போகும். போதாததற்கு இரண்டு மடங்கு இடம் பிடித்து, இன்னும் அதிக எக்ஸிக்யூட்டர்களைக் கேஷ் உள்ளவையாக ஆக்கிவிடும்.

போகும் எக்ஸிக்யூட்டர் தன் டேட்டாவை மற்றவற்றிடம் கொடுத்துவிட்டுப் போகக்கூடாதா?

3.1 பதிப்பு முதல் போகலாம். டீகமிஷன் என்று பெயர். ஸ்பார்க்.டீகமிஷன்.எனேபிள்டு, ஸ்பார்க்.ஸ்டோரேஜ்.டீகமிஷன்.எனேபிள்டு இரண்டையும் ஆன் செய்ய வேண்டும். அதோடு ஆர்டிடி பிளாக்குகளுக்கான துணை செட்டிங் ஆனில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் டைனமிக் அலொகேஷன் ஓர் எக்ஸிக்யூட்டரை எடுக்க நினைத்தால், நேரடியாகக் கொல்லாமல் "கிளம்பத் தயாராகு" என்று சொல்லும். அது புது டாஸ்க் வாங்காது. தன் பிளாக்குகளை மற்றவற்றுக்கு அனுப்பிவிட்டு மூடிக்கொள்ளும்.

எதிர்பார்ப்பைக் கொஞ்சம் அடக்கி வையுங்கள். முதலாவது, இது முடிந்தவரை செய்யும் முயற்சிதான். ஒரு பிளாக்கை அனுப்புவதில் இயல்பாக 3 தோல்வி வரை பொறுத்துக்கொள்ளும், அப்புறம் விட்டுவிடும். இரண்டாவது, வாங்கிக்கொள்ள மற்றவற்றில் இடம் வேண்டும். மேலே போட்ட 80 ஜிபி கணக்கு இங்கேயும் அப்படியே பொருந்தும். மூன்றாவது, கேஷ்டு டைம்அவுட் இன்ஃபினிட்டியாக இருந்தால் அந்த எக்ஸிக்யூட்டரை எடுக்கும் பேச்சே எழாது, அதனால் டீகமிஷனும் தொடங்காது. இரண்டையும் சேர்த்துத்தான் வைக்க வேண்டும்.

ஸ்பாட் மெஷின்களில் டீகமிஷனுக்கு நேரம் கிடைக்குமா?

ஸ்பாட் என்பது மலிவாகக் கிடைக்கும், ஆனால் கிளவுட் நிறுவனம் எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளக்கூடிய மெஷின். ஏடபிள்யூஎஸ் 2 நிமிடம் முன்னறிவிப்பு தருகிறது. கூகுள் கிளவுடில் 30 விநாடி. அஷூரில் குறைந்தது 30 விநாடி. 4 ஜிபி கேஷை 1 கிகாபிட் நெட்வொர்க்கில் முழு வேகத்தில் அனுப்பினாலே 32 விநாடி ஆகும். 10 கிகாபிட்டில் சில விநாடிதான். ஆனால் ஸ்பாட் மெஷின்களுக்குத் தட்டுப்பாடு வரும் நேரத்தில் ஒரு மெஷின் மட்டும் தனியாகப் போவதில்லை, கும்பலாகப் போகும். எல்லாம் ஒன்றின் கையில் ஒன்று பிளாக்கைத் திணிக்கப் பார்க்கும், வாங்கியதும் அடுத்த நொடியில் போய்விடும்.

குபெர்னெட்டிஸில் கூடுதலாக ஒன்று: பாடுக்குக் கொடுக்கப்படும் இயல்பான அவகாசமே 30 விநாடிதான். மெஷினுக்கு 2 நிமிடம் இருந்தும் பாடுக்கு 30 விநாடி என்று விட்டிருந்தால் மீதி வீண். டெர்மினேஷன் கிரேஸ் பீரியடைக் கூட்டி வையுங்கள்.

ஷஃபிள் டேட்டாவும் கேஷும் ஒன்றா?

இல்லை. ஆனால் விளைவு ஒன்றுபோலத் தெரியும். குபெர்னெட்டிஸில் எக்ஸ்டர்னல் ஷஃபிள் சர்வீஸ் கிடையாது என்பதால் ஷஃபிள் டிராக்கிங்கை நம்பித்தான் டைனமிக் அலொகேஷன் ஓடுகிறது. தேவைப்படக்கூடிய ஷஃபிள் ஃபைலை வைத்திருக்கும் எக்ஸிக்யூட்டரை அது விடாது. ஷஃபிள் டிராக்கிங் டைம்அவுட்டின் இயல்பு மதிப்பும் இன்ஃபினிட்டி. எனவே கேஷே செய்யவில்லை, ஆனாலும் எக்ஸிக்யூட்டர் குறையவில்லை என்றால் இங்கே பாருங்கள். டிரைவரில் கார்பேஜ் கலெக்ஷன் நடந்து பழைய ஷஃபிள் துடைக்கப்படும்போதுதான் அவை விடுபடும். பெரிய ஹீப் உள்ள, வேலை குறைந்த டிரைவரில் அது அடிக்கடி நடக்காது. அதற்காகவே ஸ்பார்க் 30 நிமிடத்துக்கு ஒருமுறை தானாக அதைத் தூண்டிவிடும்.

தொலைந்ததைத் திரும்பக் கணக்கிட்டால் அதே விடைதானே வரும்?

எப்போதும் அல்ல. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

திரும்பக் கணக்கிடும்போது அதே உள்ளீடு, அதே ஒழுங்கு, அதே விதி என்று இருந்தால்தான் அதே விடை. இதில் எது உடைந்தாலும், பாதிப் பார்ட்டிஷன்கள் பழைய கணக்கிலும் மீதி புதுக் கணக்கிலும் இருக்கும் ஒரு டேபிள் உங்களுக்குக் கிடைக்கும். எர்ரர் வராது. அதுதான் இதன் ஆபத்து.

மோனோடானிக்கலி இன்க்ரீஸிங் ஐடியை எடுத்துக்கொள்ளுங்கள். டேபிளின் ஒவ்வொரு வரிசைக்கும் (ரோ) ஓர் எண் கொடுக்கும் ஃபங்ஷன். அந்த எண் பார்ட்டிஷன் எண்ணையும், பார்ட்டிஷனுக்குள் அந்த வரிசை எத்தனையாவது என்பதையும் வைத்து வருகிறது. ஷஃபிளுக்குப் பிறகு வரிசைகள் வந்து சேரும் ஒழுங்கு ஒவ்வொரு முறையும் மாறலாம், ஏனென்றால் எந்த மெஷினின் டேட்டா முதலில் வந்து சேர்ந்ததோ அது முதலில். இப்படி எண் கொடுத்து, கேஷ் செய்து, அந்த எண்ணை வைத்து ஒரு சின்ன டேபிளை எழுதிவிட்டீர்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஐந்து எக்ஸிக்யூட்டர்கள் போய்விட்டன. திரும்பி வந்து கேஷ் ஆன டேபிளை அந்தச் சின்ன டேபிளோடு ஜாயின் செய்கிறீர்கள். தொலைந்த பார்ட்டிஷன்கள் மறுபடி கணக்கிடப்பட்டு, வேறு வரிசைகளுக்கு அதே எண்கள் போயிருக்கின்றன. ஜாயின் வெற்றிகரமாக ஓடும். ஒருவரின் ஆர்டர் இன்னொருவர் கணக்கில் ஏறியிருக்கும்.

இரண்டாவது வழி, மூல ஃபைலை யாரோ மாற்றுவது. காலையில் கேஷ் செய்த ஃபோல்டரை மதியம் இன்னொரு ஜாப் ஓவர்ரைட் செய்கிறது. கேஷ் முழுமையாக இருந்தவரை உங்களுக்குத் தெரியாது. எக்ஸிக்யூட்டர் போனதும், அதிர்ஷ்டம் இருந்தால், அடியில் உள்ள ஃபைல்கள் மாறியிருக்கலாம் என்று சொல்லும் எர்ரர் வரும். ஆமாம், இங்கே எர்ரர் வருவதுதான் அதிர்ஷ்டம்.

மூன்றாவது, யூடிஎஃப்புக்குள் (நீங்களே எழுதிய ஃபங்ஷன்) வெளி ஏபிஐயைக் கூப்பிடுவது, பைத்தானின் ரேண்டம் மாட்யூலைப் பயன்படுத்துவது போன்றவை. மாதிரி எடுத்து மாடல் டிரெயின் செய்பவர்கள் இதில் அதிகம் மாட்டுவார்கள்: டிரெயின், டெஸ்ட் பிரிவுகள் சத்தமில்லாமல் ஒன்றுக்குள் ஒன்று கலந்துவிடும்.

இவற்றில் எது இருந்தாலும் கேஷை நம்பாதீர்கள். பார்கே ஃபைலாக எழுதி, அதைத் திரும்பப் படித்து, வேண்டுமானால் அதன்மேல் கேஷ் செய்யுங்கள். அப்போது கேஷ் தொலைந்தாலும் திரும்ப வருவது எழுதி வைத்த அதே ஃபைலிலிருந்து.

செக்பாயின்ட் செய்தால் போதுமா?

செக்பாயின்ட் போதும். எச்டிஎஃப்எஸ், எஸ்3 போன்ற பொதுச் சேமிப்பில் எழுதிவிட்டு லினியேஜை அங்கேயே வெட்டிவிடும்.

லோக்கல் செக்பாயின்ட் கூடாது. அது லினியேஜை வெட்டும், ஆனால் டேட்டாவை எக்ஸிக்யூட்டரிலேயே வைக்கும். எக்ஸிக்யூட்டர் போனால் டேட்டாவும் இல்லை, திரும்பக் கணக்கிடும் வழியும் இல்லை, ஜாப் விழும். டைனமிக் அலொகேஷனோடு சேர்த்துப் பயன்படுத்துவது பாதுகாப்பல்ல என்று ஸ்பார்க்கின் ஆவணமே சொல்கிறது.

கேஷ் தொலைந்துவிட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

4040 போர்ட்டில் வரும் ஸ்பார்க் யூஐயில் ஸ்டோரேஜ் டேபைத் திறங்கள். ஒவ்வொரு கேஷுக்கும் ஃப்ராக்‌ஷன் கேஷ்டு என்று ஒரு பத்தி இருக்கும். முழுதாகக் கட்டிய பிறகு 100% காட்டியது இப்போது 62% என்றால், மீதி 38% போய்விட்டது. முதலிலிருந்தே 100% ஆகவில்லை என்றால் அது வேறு நோய்: மெமரி போதவில்லை.

டிரைவர் லாகில் "எக்ஸிக்யூட்டர்ஸ் 7,12 ரிமூவ்டு டியூ டு ஐடில் டைம்அவுட்" என்ற மாதிரி ஒரு வரி வரும். அதன் பின்னாலேயே "நோ மோர் ரெப்ளிகாஸ் அவைலபிள் ஃபார் ஆர்டிடி_41_3" என்று வார்னிங்குகள் வரிசையாக வந்தால் அது கேஷோடு போன எக்ஸிக்யூட்டர். 41 என்பது ஆர்டிடியின் எண், 3 என்பது பார்ட்டிஷன் எண். ஸ்டோரேஜ் டேபில் அந்த ஆர்டிடி எண்ணைத் தேடினால் யாருடைய டேபிள் என்று தெரிந்துவிடும். இந்த வார்னிங்கைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். சுருங்கும்போது அது இயல்பு. யாரும் எதையும் சுருக்காத நேரத்தில் வந்தால்தான் எக்ஸிக்யூட்டர் ஏன் செத்தது என்று தேட வேண்டும்.

எக்ஸிக்யூட்டர் குறைந்தும் பில் குறையவில்லையே?

எக்ஸிக்யூட்டர் வேறு, மெஷின் வேறு. ஒரு மெஷினில் நான்கு எக்ஸிக்யூட்டர் ஓடி அதில் மூன்று போனாலும், மிச்சமிருக்கும் ஒன்று அந்த மெஷினைப் பிடித்து வைத்திருக்கும். பில் மெஷினுக்கு. கேஷ் எல்லா மெஷினிலும் சிதறிக் கிடந்தால் இதுதான் நடக்கும். எக்ஸிக்யூட்டர்களை முடிந்தவரை ஒரே மெஷினில் அடுக்கும்படி ஷெட்யூலரை அமைப்பது உதவும்.

மறுபடி பெரிதானதும் புது எக்ஸிக்யூட்டர்கள் சும்மா நிற்கின்றன. ஏன்?

கேஷ் முழுக்கப் பழையவற்றில் இருக்கிறது. டேட்டா இருக்கும் இடத்திலேயே டாஸ்கை ஓட்ட ஸ்பார்க் இயல்பாக 3 விநாடி வரை காத்துப் பார்க்கும். 3.0 வரையிலான பதிப்புகளில், ஒவ்வொரு டாஸ்கும் அதற்குள் முடிந்துவிட்டால், பழைய எக்ஸிக்யூட்டர்களிலேயே வரிசை கட்டி நிற்கும். ஸ்பார்க்.லொக்காலிட்டி.வெயிட்டைக் குறைக்கலாம். அல்லது அன்பெர்சிஸ்ட் செய்து மறுபடி கேஷ் செய்தால் எல்லாவற்றிலும் பரவும்.

டேட்டாபிரிக்ஸின் டிஸ்க் கேஷுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

ஆட்டோஸ்கேலிங்கில் மெஷின் போனால் அதுவும் போகும். ஆனால் அது ரிமோட் பார்கே ஃபைல்களின் காப்பி மட்டுமே. போனால் ரிமோட்டிலிருந்து மறுபடி படிக்கும். வேகம் குறையும், விடை மாறாது.

டாஸ்க், ரே இரண்டிலும் எப்படி?

இங்கே டாஸ்க் என்பது பைத்தான் லைப்ரரி, ஸ்பார்க்கின் டாஸ்க் அல்ல. அதன் அடாப்டிவ் ஸ்கேலிங், ஒரு வொர்க்கரை எடுக்கும் முன் அதை ரிட்டயர் செய்யும்: வேறெங்கும் காப்பி இல்லாத டேட்டாவை மற்ற வொர்க்கர்களுக்கு மாற்றிய பிறகே மூடும். ஸ்பார்க்கில் நாம் தேடிப்போய் ஆன் செய்வது அங்கே வழக்கமான பாதை. வொர்க்கரை வெளியிலிருந்து நேரடியாகக் கொன்றால் மட்டும் அது நடக்காது, கிராஃபை வைத்துத் திரும்பக் கணக்கிடும்.

ரே என்ற இன்னொரு பைத்தான் லைப்ரரியின் ஆட்டோஸ்கேலர், பயன்பாட்டில் உள்ள ஆப்ஜெக்ட் இருக்கும் நோடைச் சும்மா இருப்பதாகக் கருதாது. சும்மா இருப்பவற்றை இயல்பாக 5 நிமிடத்தில் எடுக்கும். ஸ்பார்க்கின் இன்ஃபினிட்டிக் கதை இங்கேயும் வேறு வடிவில் உண்டு: நோட்புக்கில் ஒரு வேரியபிள் ஆப்ஜெக்ட் ரெஃபரன்ஸைப் பிடித்துக்கொண்டே இருந்தால் அந்த நோட் போகாது.

இரண்டிலும் ஒரு விதிவிலக்கை நினைவில் வையுங்கள். டாஸ்க்கில் ஸ்கேட்டர் மூலமும், ரேயில் புட் மூலமும் நீங்களே நேராக உள்ளே தள்ளிய டேட்டாவுக்குப் பின்னால் கணக்கீடு எதுவும் இல்லை. நோட் திடீரென்று செத்து அதன் ஒரே காப்பியும் போனால், அதை யாராலும் திரும்பக் கட்ட முடியாது. நீங்கள்தான் மறுபடி அனுப்ப வேண்டும்.